முதலில் கதவு இடுக்கைப் பாருங்கள்

பட்டறையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு பழைய திறந்த கார் வாங்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. 1972ஆம் வருட எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம், குரோம் பம்பர், கம்பிச் சக்கரம். 9,500 பவுண்டு கேட்கிறார்கள். எஞ்சின் ஒரே உதையில் பிடிக்கிறது, புகை இல்லை, ஆயில் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி போகிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், ஹாரோ

எஞ்சினைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அடியில் இருக்கும் தகரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்துதான் வண்டியை விறைப்பாக வைத்திருக்கிறது. திறந்த காரில் கூரை கிடையாது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸும், அதாவது உடம்பைத் தாங்கும் அடிச்சட்டமும் கிடையாது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் செய்த அத்தனை வண்டிக்கும் உடம்பே சேஸிஸ். கூரை செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே, நாம் கால் தாண்டி ஏறும் இடத்தில் முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டித் தகரத்தின் தலையில் விழுகிறது. பட்டறையில் இதை ‘சில்’ என்போம். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு என்று மூன்று அடுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது ஒன்றுதான். துரு பிடிப்பது மூன்றிலும்.

முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு மட்கார்டுக்குள் ஒரு மூலையில் போய் அப்பிக்கொள்ளும். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள் அல்லவா, அந்த உப்பும் சேறோடு சேர்ந்து அங்கேயே ஈரமாகக் கிடக்கும். துரு அங்கே தொடங்கிப் பின்பக்கமாக நகரும். மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே உள்ளே இது நடந்துகொண்டிருக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கதவை மூடிவிட்டு நாலடி தள்ளிக் குத்தவைத்து உட்காருங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்க உடம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். அப்புறம், பக்கவாட்டில் இருக்கும் ஜாக்கி இடத்தில் ஜாக்கியைக் கொடுத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும் வரை தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடுக்கு மாறாமல் கதவு முன்போலவே சாத்தினால் முக்கால் வாசி தேறிவிட்டது. கதவு இடித்தால், அல்லது பூட்டு சேராமல் நின்றால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜாக்கி வைக்கவே மாட்டேன் என்று விற்பவர் மறுத்தாலும் அப்படித்தான்.

இதை நான் அனுபவித்துக் கற்றேன். 1999 பிப்ரவரியில் கென்ட் பக்கம் போய் 1969ஆம் வருட பச்சை எம்.ஜி.பி. ஒன்றை 4,200 பவுண்டுக்கு வாங்கினேன். மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம். எனக்கு எஞ்சின் வேலை நன்றாகத் தெரியும், கோவையில் மாமாவின் பட்டறையில் பதினாறு வயதில் கையில் ஸ்பேனர் பிடித்தவன். தகர வேலை அப்போது அவ்வளவாகத் தெரியாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சக்கரம் கழற்ற ஜாக்கி வைத்தேன். ஜாக்கி மேலே ஏறுகிறது, வண்டி அசையவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கியின் தலை சில்லுக்குள்ளேயே போயிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். துருத்தூள் காபிப்பொடி போலக் கையில் கொட்டியது. வெளியே ஒரு விரற்கடை கனத்துக்குப் பட்டியும் கண்ணாடி நாரும் வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அதோடு முடியவில்லை. சரிசெய்ய ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கம்பி கொடுக்காமல் இரண்டு பக்கச் சில்லையும் ஒரே சமயத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள். தாங்க ஆளில்லாமல் வண்டி நடுவில் இறங்கியது. இறங்கிய நிலையிலேயே புதுத் தகரத்தைப் பற்றவைத்தும் விட்டார்கள். எல்லாம் புதிது, ஆனால் வலது கதவு ஒரு விரல் அகலத்துக்குச் சேரவில்லை. மறுபடி வெட்டி, முட்டுக் கொடுத்து, நிமிர்த்தி, ஒட்டி முடிக்க அடுத்த வருடம் ஆகிவிட்டது. செலவு வண்டி விலையைத் தாண்டியது. எம்.ஜி.பி.க்கு இன்றும் புது உடம்பு முழுசாகவே கிடைக்கிறது, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் செய்கிறது. ஆனால் அந்த வெறும் கூடு மட்டுமே நீங்கள் கொடுக்கப்போகும் 9,500ஐ விட அதிகம்.

ஆகவே “சில் புதிதாகப் போட்டது” என்று விற்பவர் சொன்னால் அதோடு சமாதானம் ஆகாதீர்கள். எப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள். சில்லின் முன்முனை முன் மட்கார்டுக்கு உள்ளேயும், பின்முனை பின்பக்க உடம்புக்கு உள்ளேயும் போய் முடிகிறது. ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் அந்த இரண்டு இடத்திலும் கீழ்த்தகரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். குறுக்குவழிக்காரர்கள் கதவுக்குக் கீழே தெரியும் நீளத்துக்கு மட்டும், பழைய துருவின் மேலேயே, ஒரு புதுத் தகட்டைப் போர்த்திவிடுவார்கள். வேலை நடக்கும்போது எடுத்த போட்டோக்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல வேலை செய்தவர்கள் போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள், ஆசையாகக் காட்டவும் செய்வார்கள். கையோடு ஒரு சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழே, சக்கர வளைவில், மட்கார்டின் கீழ்மூலையில் ஒட்டிப் பாருங்கள். பட்டி வைத்த இடத்தில் பிடிக்காது.

இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கம்பளத்தைத் தூக்குங்கள், கீழே ஒரு மூடி இருக்கும். 1974 வரை வந்த வண்டிகளில் அதற்குள் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. ஆசிட் கசிந்து அந்தப் பேட்டரிப் பெட்டிகள் அரித்துப்போயிருக்கும். அதற்குப் பக்கத்திலேதான் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கிறது. அங்கே தகரம் போனால் பின்சக்கரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை. டார்ச் அடித்துப் பாருங்கள், ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். 1798 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின், உழைப்பாளி. உதிரிப் பாகம் கிடைக்காத பிரச்சினை இல்லை. நீங்கள் போய்ச் சேரும்போது அது குளிர்ந்து இருக்க வேண்டும், இது முக்கியம். முன்கூட்டியே ஓடவிட வேண்டாம் என்று போனில் சொல்லுங்கள், போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடான பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஆயில் அழுத்த முள் 50க்கு மேல் நிற்க வேண்டும். சும்மா நிற்கும்போது 15க்குக் கீழே போனால் பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம். ஆயில் புதிதாக மாற்றியது நல்லதுதான், ஆனால் விற்பதற்காக மாற்றினார்களா, வருடா வருடம் மாற்றினார்களா என்று பில்லைக் கேளுங்கள்.

கிளட்ச் நழுவினால் விலையில் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். கிளட்ச் தட்டு விலை சொற்பம்தான். ஆனால் அதை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும், கூலி அங்கேதான். ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட்டும் கூடுதல் கியர்) இருந்தால் மூன்றாவது, நான்காவது கியரில் சுவிட்சைப் போடுங்கள், எஞ்சின் சுற்று உடனே இறங்க வேண்டும். “ஒயர் விட்டிருக்கிறது, அவ்வளவுதான்” என்பார்கள். அப்படியானால் அவரே சரிசெய்து தரட்டும்.

கம்பிச் சக்கரத்துக்கு உள்ளே பல் வரிசை இருக்கிறது. அந்தப் பல் தேய்ந்தால் ஒருநாள் சக்கரம் நிற்க, அச்சு மட்டும் சுற்றும். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் திருகுங்கள். ‘டக்’ என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் சக்கரமும், அது மாட்டும் குடமான ஹப்பும் மாற்ற வேண்டும். கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், மந்தமாகச் சத்தம் வருவது தளர்ந்த கம்பி.

கடைசியாகத் துணிக்கூரை. விற்பவர் போட்டுக் காட்டுவது போதாது, நீங்களே ஒருமுறை போட்டு, ஒருமுறை மடக்குங்கள். பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சள் பாய்ந்து வெடித்திருக்கிறதா, முன் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கிகள் சேர்கின்றனவா, துணி ஓரத்தில் தையல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் விறைத்திருக்கும்போது மடக்கினால் ஜன்னல் வெடிக்கும், ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். வாங்கின பிறகும் இதை மறக்காதீர்கள்.

நாற்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரத் தகுதிப் பரிசோதனையே தேவையில்லை, வரியும் கிடையாது என்கிறார் விற்பவர். உண்மையா?
— வாசகி, லெஸ்டர்

உண்மை. 2018 மே முதல், 40 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கு எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை. வரியும் பூஜ்யம், ஆனால் வருடா வருடம் வரிப் பதிவைச் செய்தே ஆக வேண்டும். ‘ஹிஸ்டாரிக்’ (பழங்கால வண்டி) வகையில் பதிவானால் லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணமும் இல்லை. விற்பவர் ஏற்கெனவே அந்த வகைக்கு மாற்றிவிட்டாரா என்று வி5சி என்னும் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள்.

ஆனால் சாலையில் ஓட்டத் தகுதியான நிலையில் வண்டியை வைத்திருப்பது அப்போதும் உரிமையாளரின் சட்டப் பொறுப்பு. நான் என் வண்டிகளை விடாமல் ஒவ்வொரு ஏப்ரலிலும் எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோகிறேன். அதிகபட்சக் கட்டணம் 54 பவுண்டு 85 பென்ஸ். அந்தக் காசுக்கு வேறு ஒரு ஆள் லிப்டில் ஏற்றி அடியைப் பார்க்கிறார். நீங்களும் வாங்குவதற்கு முன் புது எம்.ஓ.டி. ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் லாபம்தான். இன்னொன்று, பதிவு எண்ணை அரசாங்க இணையதளத்தில் போட்டால் பழைய எம்.ஓ.டி. வரலாறு இலவசமாக வரும். பத்து வருடத்துக்கு முன்னால் எந்த இடத்தில் துரு என்று எழுதினார்கள், அடுத்த வருடம் அது சரியானதா, மைல் கணக்கு வரிசையாக ஏறுகிறதா என்று உட்கார்ந்து படியுங்கள்.

குரோம் பம்பர் வண்டிக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. கறுப்பு ரப்பர் பம்பர் எம்.ஜி.பி. வாங்கினால் தவறா?
— வாசகர், ரீடிங்

தவறே இல்லை. 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக அந்தப் பெரிய பம்பரை வைத்தார்கள், வண்டி உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்டினார்கள். திருப்பத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். மற்றபடி அதே எஞ்சின், அதே உடம்பு. தகரம் நன்றாக இருக்கும் 1978 ரப்பர் பம்பர், தொய்ந்துபோன 1968 குரோமை விட எவ்வளவோ மேல். பேட்டரியும் ஒற்றை 12 வோல்ட், குனிந்து இரண்டு பெட்டியைக் கிளற வேண்டாம்.

அடையாளத் தகட்டையும் படியுங்கள். ரோட்ஸ்டர் எண் ஜி.எச்.என். என்று தொடங்கும். ஜி.எச்.டி. என்றிருந்தால் அது கூரையோடு பிறந்த ஜி.டி. வகை, யாரோ வெட்டியிருக்கிறார்கள் அல்லது தகட்டை மாற்றியிருக்கிறார்கள்.

மகனுக்கு 1990 மாஸ்டா எம்.எக்ஸ்-5 திறந்த கார் மேல் கண். ஜப்பான் வண்டி, துரு பிடிக்காது என்கிறான்.
— வாசகி, க்ராய்டன்

நல்ல ரசனை உள்ள பிள்ளை. ஆனால் துரு பிடிக்கும், அதுவும் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால், சில்லின் வால்பகுதியில். காரணம் கூரையிலேயே இருக்கிறது. கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள வடிகுழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டி என்றால் இலைத்தூள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வழி தெரியாமல் சில்லுக்குள்ளும் கம்பளத்துக்கு அடியிலும் போய்த் தேங்கும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கூரையின் பின்மூலையில் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள், சில விநாடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் கம்பளத்தைத் தூக்கிக் கை வைத்துப் பாருங்கள். ஆரம்ப கால 1.6 எஞ்சின்களில் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) முன்முனையில் உள்ள புல்லி ஆட்டம் கொடுக்கும் பிரச்சினையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது அந்தப் புல்லி தள்ளாடாமல் சுற்றுகிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒருவர் கூரையில்லாத ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் விற்கிறார். “கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது” என்கிறார். நம்பலாமா?
— வாசகர், மதுரை

ஹெரால்ட் என்றதும் மாமாவின் பட்டறை வாசனையே வந்துவிட்டது. நான் முதன்முதலில் கழற்றி மாட்டிய கார்புரேட்டர் ஹெரால்டுடையதுதான்.

இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்று பிறந்து, மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த வண்டி அது. வடிவம் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொட்டியுடையது. எம்.ஜி.பி. மாதிரி இல்லை, ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, கூரையை போல்ட் போட்டுத்தான் மாட்டியிருப்பார்கள். ஸ்பேனர் இருந்தால் ஒரு மத்தியானத்தில் கூரையைக் கழற்றிவிடலாம். ஆகையால் இன்று கூரை இல்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது. ஆர்.சி. புத்தகத்தில் உடம்பு வகை என்ன என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அதில் சலூன் என்றிருந்தால் அது சலூன்தான். பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி செல்லாது, வழியில் நிறுத்தினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

கழற்றிய கூரையை விற்பவர் எங்காவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்து விலை பேசுங்கள், அது இல்லாமல் வாங்காதீர்கள். சேஸிஸில் பின்பக்கத்து வெளிச்சட்டங்களைக் குனிந்து தட்டிப் பாருங்கள், ஹெரால்டில் முதலில் போவது அது.

அப்பாவுக்கு 68 வயது. எம்.ஜி.பி. வாங்கியே தீருவேன் என்கிறார். தகரம், எஞ்சின் எல்லாம் பார்த்தாகிவிட்டது, நல்ல வண்டி என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லையே என்று எனக்குக் கவலை.
— வாசகி, வெம்ப்ளி

ஓடும்போது கனம் தெரியாது அம்மா. நின்ற இடத்தில் திருப்பினால்தான் தோள் வலிக்கும். வண்டியைச் சற்று உருளவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். முன்சக்கரங்கள் திரும்பச் சுழலும் தண்டுகளான கிங்பின்களுக்குக் காலாகாலத்தில் கிரீஸ் அடித்திருந்தால் இன்னும் லேசாக இருக்கும், 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

நான் ஸ்டியரிங்கைவிட முழங்காலைப் பற்றித்தான் யோசிப்பேன். இருக்கை மிகவும் தாழ்வு. திறந்த வண்டியில் ஏறுவது சுலபம், கூரை போட்டிருக்கும்போது தலையையும் குனிந்து காலையும் மடக்கி நுழைய வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் கூரையைப் போட்டுவிட்டு அப்பாவை மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்து கிளட்சை இருபது முறை மிதிக்கட்டும். முகம் சுளிக்காமல் செய்தாரென்றால் வாங்கிக் கொடுங்கள். முதல் சர்வீசுக்கு என்னிடம் கொண்டு வாருங்கள், கிரீஸ் அடிக்கும் இடங்களை அவருக்குக் காட்டித் தருகிறேன்.